அடுத்த மரம் வரைக்கும்

1

"உங்க குறிக்கோள் என்ன?"ன்னு ஒரு பொண்ணு எங்க வீட்டுக்காரரைக் கேட்டா. அன்னைக்கு அவருக்கு எச்சிலை முழுங்கவே ஒழுங்கா வரல. வாயோரம் வழிஞ்சதை நான் துடைச்சுக்கினு இருந்தேன்.

நாங்க இருக்கிறது நார்வேயில, கடலை ஒட்டின ஒரு சின்ன ஊரு. கப்பல் பட்டறைதான் ஊருக்கே சோறு போடுது. எங்க வீட்டுக்காரர் அங்க வெல்டர். நைனார்பாளையத்துல பொறந்து, சின்னசேலத்து லேத்துப் பட்டறையில தொழில் கத்துக்கினு, சிங்கப்பூர் போயி, அங்கேர்ந்து இங்க வந்தவர். ஓய்வு வாங்கின மறு வருஷம், ஐப்பசியில ஒரு காலையில, காபி டம்ளரைப் பிடிச்ச கை அப்படியே தொங்கிடுச்சு. பக்கவாதம். வலது காலும் போச்சு, வலது கையும் போச்சு. இத்தனை வருஷமா பேசின நார்வே பாஷை துடைச்சு வெச்ச மாதிரி காணாமப் போச்சு. மிஞ்சினது எங்க ஊர்ப் பேச்சு மட்டும். அதுலயும் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நான் ஒரு வெங்காயம் உரிச்சுடலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில உசிரைக் காப்பாத்தி, நடக்கப் பழக்குற ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சாங்க. போன கையோட ஒரு கூட்டம். டாக்டர், நர்ஸ், நகராட்சியிலேர்ந்து ஒரு அம்மா, நடக்கப் பழக்குற பொண்ணு இங்கெர், எல்லாரும் வட்டமா உக்காந்தாங்க. மேசை மேல ஒரு டெலிபோன். அதுக்குள்ள மொழிபெயர்க்கிற தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர். சுவத்துல ஒரு வெள்ளைப் பலகை. மேல இவர் பேரு, அதுக்குக் கீழ 'குறிக்கோள்', அதுக்குக் கீழ காலி இடம்.

"ஐயா, உங்கட குறிக்கோள் என்னெண்டு கேக்கினம். பெரிசா வேண்டாம், நடக்கக்கூடிய மாதிரி ஒண்டு சொல்லட்டாம்"னு டெலிபோன் பேசுச்சு.

இவர் பலகையைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். "பாக்கலாங்க"ன்னார்.

தம்பி அதை அப்படியே மாத்திச் சொல்ல, இங்கெர் மறுபடியும் கேட்டா. உங்களுக்குன்னு முக்கியமானது எதுவுமே இல்லையா, இந்த மாசத்துக்குள்ள எதைச் செய்யணும்னு ஆசைன்னு. இவர் தலையைக் குனிஞ்சுக்கினார். நர்ஸ் என்னமோ எழுதுச்சு. ஆர்வம் கம்மின்னு எழுதினாங்கன்னு பிற்பாடு தெரிஞ்சுது.

எனக்குப் பொறுக்கல. "வூட்டுக்கு வரணும். எங்க வூடு மூணாவது மாடி, லிஃப்ட்டு கெடையாது. மாடி ஏறி வூட்டுக்கு வரணும், வேற இன்னா வேணும்?"னு எனக்குத் தெரிஞ்ச நார்வே பாஷையில படபடன்னு கொட்டினேன்.

இங்கெர் என் கை மேல கையை வெச்சா. நல்ல பொண்ணு, பொய் சொல்லக் கூடாது. கண்ணுல தண்ணி தளும்புது அவளுக்கு. "அது அழகான ஆசை. ஆனா இப்போதைக்கு நடக்கக்கூடிய குறிக்கோள் இல்ல"ன்னா. உடனே நகராட்சி அம்மா பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து நீட்டுச்சு. மலையைக் குடைஞ்ச சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லம் ஒண்ணு இருக்காம். பெரிய பெரிய ஜன்னல், படுத்துக்கினே கடலைப் பாக்கலாம். மாடி ஏற முடியாதவங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம், விழுந்துட்டா பொறுப்பு அவங்களோடதாம்.

அந்த ஜன்னலோரத்துல படுத்துக்கினு இவர் தண்ணி வேணும்னு கேப்பார். யாருக்குப் புரியும்? கடலுக்கா புரியும்?

2

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இளங்கோ போன் பண்ணான். எங்க ஒரே பையன். தலைநகரத்துல கம்ப்யூட்டர் வேலை. "அம்மா"ன்னு ஒரு வார்த்தை தமிழ்ல ஆரம்பிப்பான், அப்புறம் முழுக்க நார்வே பாஷைதான். நான் தமிழ்ல பதில் சொல்லுவேன். எங்க ரெண்டு பேர் பேச்சையும் ஒட்டுக் கேட்டா ரெண்டு வீட்டுப் பேச்சுன்னு நினைப்பாங்க.

"அந்த இல்லம் நல்ல இடம்மா. நான் இணையத்துல பாத்தேன். நீயும் அறுபதை நெருங்குற. நடக்கக்கூடியதை யோசி"ன்னான்.

"நீ இன்னா, அந்தப் பலகைகிட்ட கேட்டுக்கினு பேசுறியா?"ன்னேன்.

"அவருக்கே ஆசை இல்லையாமே. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்றாராமே."

இவனுக்கு எங்கேர்ந்து எப்படிச் சொல்றது?

நம்ம பக்கத்துல ஒருத்தர் காரியமா கிளம்பும்போது எங்க போறன்னு யாரும் கேக்கக் கூடாது. இதைப் படிக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கேட்டே ஆகணும்னா "தூரமா?"ன்னு கேப்பாங்க. போறவரும் "இல்ல, இங்க பக்கம்தான்"ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டுவார். யாராவது விவரங்கெட்டவங்க எங்கன்னு கேட்டுட்டா, கிளம்பினவர் திரும்பி வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் மறுபடி கிளம்பணும். எனக்கு இதுல பெரிய நம்பிக்கை கெடையாது. எங்க வீட்டுக்காரருக்கு உண்டு. பாஸ்போர்ட்டு கைக்கு வந்தப்புறம்தான் சிங்கப்பூர் போறதையே என்கிட்ட சொன்ன ஆளு அவர். நார்வே வேலைக்கு எழுதிப் போட்டது எனக்கு டிக்கெட்டு வந்தப்போதான் தெரியும். வாயால சொல்லிட்டா காரியம் கெட்டுப் போயிடும்னு அப்படி ஒரு பயம்.

அந்த மனுஷன்கிட்ட ஒரு ரூம் நிறைய ஆளுங்க வட்டமா உக்காந்துக்கினு, டெலிபோன் வெச்சு, பலகையில காலி இடம் விட்டு, நீ எங்க போறன்னு கேட்டா எப்படிச் சொல்வார்? ஆசை இல்லாம இல்ல. ஆசை ஜாஸ்தி. அதனாலதான் வாயைத் திறக்கல. ஆனா இவர் வாயைத் திறக்கலன்னா அவங்க அந்த இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. நான் திறந்ததுக்கும் அதேதான் நடந்துச்சு. இதே மாதிரி ஒரு தரம் முன்னாடியும் நடந்திருக்கு. அது இளங்கோவுக்குத் தெரியாது. அப்போ அவன் கைக்குழந்தை.

3

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்தப் புரட்டாசி. நாங்க அப்போ நைனார்பாளையத்துலதான் இருந்தோம். நம்ம ஜில்லாவுல வயசானவங்க யாருக்கும் மறந்திருக்காது. ரோட்டோரத்துல இருந்த புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்ச்சுப் போட்டிருந்தாங்க. பஸ்ஸு இல்ல, லாரி இல்ல, மாட்டு வண்டிகூட இல்ல. எங்க சுட்டாங்க, எத்தனை பேர் போயிட்டாங்கன்னு நாளுக்கொரு பேச்சு வரும். எது நெசம் எது பொய்னு தெரியாது. நாங்க எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு இங்க எழுதப் போறதில்ல. நம்மாளுங்க ஊர்ப் பேரைப் படிச்சதும் அதைத்தான் முதல்ல தேடுவாங்க, தேடட்டும்.

அந்த நேரம் பாத்து இளங்கோவுக்கு வாந்தி பேதி. ஏழு மாசக் குழந்தை. ரெண்டு நாள்ல கண்ணு குழிக்குள்ள போயிடுச்சு. விடியக்காலம் தூக்கினா துணி மாதிரி தொங்குறான். அழக்கூடத் தெம்பு இல்ல. எனக்குப் பத்தொம்பது வயசு. குழந்தை அழுதா பயமா இருக்கும்னு நினைச்சுக்கினு இருந்தவ, அழாம இருக்கிறதுதான் பயம்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கினேன்.

குழந்தை டாக்டர் இருந்தது சின்னசேலத்துல. நடந்துதான் போகணும். இவர் குழந்தையைத் தோள்ல போட்டுக்கினு, "வா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கினார். தெருக்கோடி வந்ததும் தண்ணி எடுத்துக்கினு வந்த ஒரு பொம்பள, "இன்னாடி, காலங்காத்தால எங்க போறீங்க?"ன்னு கேட்டுடுச்சு. எங்க மாமியார் வாசல்லேர்ந்து பாத்துக்கினு இருந்துச்சு. அந்தப் பொம்பளையை வாய்க்கு வந்தபடி ஏசிட்டு, எங்களைத் திரும்பக் கூட்டிக்கினு போயி உக்கார வெச்சு, சொம்புத் தண்ணியைக் கொடுத்துது. புள்ள உசிரு போய்க்கினு இருக்குது, இங்க உக்காந்து தண்ணி குடிக்கணுமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சொம்பைத் தூக்கி அடிச்சிருப்பேன். இவர் மறு பேச்சு பேசாம ஒரு வாய் குடிச்சார், ஒரு சொட்டைத் தொட்டுக் குழந்தை உதட்டுல வெச்சார், அப்புறம்தான் எழுந்தார்.

ஊரைத் தாண்டினதும் முதல் மரம். அடிமரத்து மேல பத்து இருபது பேர் உக்காந்திருந்தாங்க. கையில கோடாலி, தோள்ல துண்டு. ஒருத்தன், "எங்கப்பா?"ன்னான்.

"இங்கதாங்கண்ணா. அந்தக் கெணத்துமேடு வரைக்கும். எங்க சித்தி வூடு"ன்னார் இவர்.

கெணத்துமேட்டுல எங்களுக்குச் சித்தியும் இல்ல, பெரியம்மாவும் இல்ல. ஆனா கெணத்துமேடு கண்ணுக்குத் தெரியிற தூரம். அவ்வளவு கிட்டத்துல போறவனைத் தடுக்க யாருக்கும் தோணாது. "தாண்டிப் போங்க"ன்னு காலை நகத்திக்கினாங்க. அடுத்த மரத்துல, "அந்தக் கோயில் வரைக்கும்ங்கண்ணா." அதுக்கு அடுத்த மரத்துல, "அதோ அந்தப் பம்புசெட்டு." ஒவ்வொரு மரத்துலயும் அடுத்த மரத்தைத்தான் கேட்டார், அதுக்கு மேல ஒரு அடி கேக்கல. அடிமரத்துல ஏறி இறங்கும்போது கிளை கிழிச்சுப் புடவை போச்சு, முழங்கால் போச்சு. எதிர்ல கல்வராயன் மலை அசையாம நின்னுக்கினு இருந்துச்சு. எவ்வளவு நடந்தாலும் அது அதே தூரத்துலதான் இருந்துச்சு. நான் அதையேதான் பாத்துக்கினு நடந்தேன்.

"மலையைப் பாக்காத"ன்னார். "கீழ பாத்து நட."

4

பெரிய ரோட்டை நெருங்குற இடத்துல ரெண்டு மரம் சேர்த்துப் போட்டிருந்தாங்க. அங்க கூட்டமும் ஜாஸ்தி. நடுவுல நரைச்ச மீசைக்காரர் ஒருத்தர். அவர் சொன்னாத்தான் மத்தவங்க அசையிறாங்க.

"யாருப்பா, எங்க?"

"அந்த வளைவு வரைக்கும்ங்கய்யா"ன்னு இவர் ஆரம்பிக்கும்போதே குழந்தைக்குத் தலை பின்னால சாஞ்சுடுச்சு. எனக்கு அறிவே போச்சு. "சின்னசேலத்துக்குங்க, ஆஸ்பத்திரிக்குங்க. புள்ள செத்துக்கினு இருக்குதுங்க, வுடுங்க"ன்னு கத்திட்டேன். வாயைத் திறந்தது தப்புன்னு இன்னைக்கும் நான் ஒத்துக்க மாட்டேன். பெத்தவ கத்தாம யார் கத்துவா?

அந்தப் பெரியவர் எழுந்து வந்து குழந்தை கன்னத்தைத் தொட்டுப் பாத்தார். முகம் மாறிடுச்சு அவருக்கு.

"ஐயோ பாவம். எம்மா, சின்னசேலத்துக்காம்மா? அங்க ரோட்டுல போலீசு நின்னுக்கினு இருக்குது. எந்த நேரம் இன்னா ஆவும்னு சொல்ல முடியாது. கையில புள்ளயோட உன்னை நான் எப்படிம்மா அனுப்புவேன்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத் தூக்கம் வருமா? திரும்பிப் போயிடும்மா."

கெட்டவங்க தடுத்திருந்தா கால்ல விழுந்திருப்பேன், இல்ல சாபம் விட்டிருப்பேன். இந்தப் பெரியவர் மனசு உருகித் தடுக்கிறார். அதுக்கு என்ன பண்றது? ஒரு ஆளை விட்டு இளநீர் வெட்டி வரச் சொன்னார். துணியை நனைச்சு குழந்தை வாயில பிழிஞ்சோம். அப்புறம் ரெண்டு ஆளைத் துணைக்கு அனுப்பி, எங்களை வந்த வழியிலயே பத்திரமா திருப்பி விட்டார்.

எங்க வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டல. "சரிங்கய்யா"ன்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தார். நான் அழுதுக்கினே பின்னால போனேன். பம்புசெட்டுகிட்ட வந்ததும், "நாங்க போய்க்குறோம்ணா, நீங்க போங்க"ன்னு துணைக்கு வந்தவங்களை அனுப்பி வெச்சார். அவங்க தலை மறைஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்குள்ள இறங்கிட்டார்.

"எங்க போறோம்?"னு நான் கேட்டுட்டேன்.

நின்னார். வாய்க்கால்ல குனிஞ்சு ஒரு கை தண்ணி அள்ளிக் குடிச்சார். அப்புறம், "அந்த வரப்பு வரைக்கும்"ன்னார்.

வரப்பு வரைக்கும் போனோம். அங்கேர்ந்து ஒரு வேலி வரைக்கும். அங்கேர்ந்து ரயில் பாதை மேடு. ரயிலும் ஓடல. பாதையோரத்துல கம்பம் கம்பமா நட்டிருந்தாங்க. வெயில் ஏறிடுச்சு. தூரத்துல பட்டாசு மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. அது பட்டாசு இல்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். நான் நின்னுட்டேன். "புள்ள பொழைப்பானா, சொல்லு"ன்னு கேட்டேன். புருஷனை 'சொல்லு'ன்னு நான் பேசினது வாழ்க்கையில அந்த ஒரு தரம்தான்.

குழந்தை மூக்குகிட்ட விரலை வெச்சுப் பாத்தார். "அந்தக் கம்பம் வரைக்கும் இருப்பான். வா"ன்னார்.

அந்தக் கம்பத்துகிட்ட போனதும் மறுபடி விரலை வெச்சுப் பாத்தார். மறுபடி அதையே சொன்னார். சின்னசேலம் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் அப்படியேதான் வந்தோம். டாக்டர் குளுக்கோஸ் ஏத்தினார். இளநீர் பிழிஞ்சது தாக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னார். தடுத்த கைதான் அதையும் கொடுத்துது. யாரைக் கும்பிடறது, யாரை வையறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

5

ரெண்டாவது கூட்டத்துக்கு முன்னாடி நான் அவர் காதுகிட்ட குனிஞ்சு, "வூட்டுக்கு வரணும்னா வாயைத் திறங்க. இவங்க மரம் போட்டுக்கினு உக்காந்திருக்கிறவங்கன்னு நினைச்சுக்குங்க"ன்னேன். புரிஞ்சுதா இல்லையான்னு தெரியல. முகத்துல பாதி அசையாது இப்போ. சிரிச்சாலும் பாதிதான்.

வட்டமா உக்காந்தாங்க. டெலிபோன் பேசுச்சு. அதே தம்பி. இல்லத்துல இடம் காலியா இருக்கு, இந்தக் கூட்டத்துல முடிவு பண்ணிடலாம்னு நகராட்சி அம்மா சொல்றதையும் அவரே மாத்திச் சொன்னார்.

"ஐயா, உங்கட குறிக்கோள்?"

நான் கண்ணை மூடிக்கினேன். அப்புறம் பக்கத்துலேர்ந்து வார்த்தை வார்த்தையா வந்துச்சு. "அந்த... கதவு... வரைக்கும்ங்க."

தம்பி மாத்திச் சொன்னார். எல்லாரும் கதவைத் திரும்பிப் பாத்தாங்க. இங்கெருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாருங்க, இதுதான் குறிக்கோள், இப்படித்தான் இருக்கணும்"னு எழுந்து போயி பலகையில எழுதினா. நகராட்சி அம்மா படத்தைப் பைக்குள்ள வெச்சுக்கினு, அதை முடிச்சுட்டு மறுபடி பேசலாம்னுச்சு.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எழுந்திருக்கும்போது டெலிபோன்ல அந்தத் தம்பி மெல்லமா, "அம்மா, நான் சொந்தமா ஒண்டும் கதைக்கக் கூடாது. ஆனா எங்கட ஊரிலயும் எங்க போறியள் எண்டு கேக்கிறேல்ல"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். அவர் முகத்தை நான் பாத்ததே இல்ல. நல்லா இருக்கணும்.

கதவு முடிஞ்சுது. அடுத்தது நடைவழி ஜன்னல். அதுக்கு அடுத்தது காபி மெஷின். ஒவ்வொரு கூட்டத்துலயும் பலகையில ஒண்ணு அழிப்பாங்க, ஒண்ணு எழுதுவாங்க. இங்கெர் என்கிட்ட, "உங்க கணவர் எவ்வளவு தெளிவா இருக்கார் பாருங்க. முடிஞ்சதை மட்டும் கேக்கிறார்"னு பாராட்டினா. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. ஏம்மா, உன்கிட்ட அவர் கெணத்துமேட்டுச் சித்தி வூட்டுக்குப் போறதாச் சொல்லிக்கினு இருக்கார்னு எப்படிச் சொல்வேன்? சொன்னா இவளும் மனசு உருகித் திருப்பி அனுப்பிடுவா.

நடுவுல ஒரு நாள் காபி மெஷின்கிட்ட விழுந்துட்டார். அன்னைக்கு அந்தப் படம் மறுபடி பையிலேர்ந்து வெளிய வந்துச்சு. நான் வீட்டுக்கு வந்து, போட்ட கோட்டைக் கழட்டாம அப்படியே உக்காந்துக்கினு இருந்தேன். இளங்கோ போன் பண்ணான். அன்னைக்குத்தான் அவன்கிட்ட மரத்தைப் பத்தி, ரயில் பாதையைப் பத்தி, மூக்குல விரல் வெச்சுப் பாத்ததைப் பத்தி எல்லாம் சொன்னேன். கடைசியில, "இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"ன்னான். தமிழ்ல கேட்டான்.

"நீ கேக்கல"ன்னேன்.

6

மாடி ஏறிப் பாக்க ஒரு நாள் குறிச்சாங்க. இங்கெர் வண்டியில கூட்டிக்கினு வருவா. ஊன்றுகோலைப் பிடிச்சுக்கினு தானா ஏறணும், உக்காந்து உக்காந்து ஏறலாம், ஆனா யாரும் தூக்கக் கூடாது. ஏறிட்டா வீடு. இல்லன்னா நேரா சுரங்கத்துக்கு அந்தப் பக்கம். இளங்கோ லீவு போட்டுட்டு வந்திருந்தான். நான் மேல வீட்டுல இருக்கணுமாம், பக்கத்துல நின்னா அவருக்குப் பதற்றமாகுமாம். அவருக்கா, எனக்கா?

கதவைத் திறந்து வெச்சுக்கினு உள்ளே நின்னேன். கீழேர்ந்து சத்தம் வந்துச்சு. கோல் ஒரு தட்டு, கால் ஒரு இழுப்பு. கோல், கால். நடுநடுவுல இங்கெர் குரல். முதல் மாடியில நின்னாங்க. "எது வரைக்கும்?"னு அவ கேக்கிறது கேட்டுச்சு. "அந்த... சட்டி"ன்னார் இவர். ரெண்டாவது மாடிக்குப் போற வழியில ஒரு பூஞ்சட்டி இருக்கு. இளங்கோ அதை மாத்திச் சொன்னான். மறுபடி கோல், கால். ஒரு தரம் கோல் வழுக்கி மடேர்னு சத்தம். நான் கதவுச் சட்டத்தைப் பிடிச்சுக்கினேன். அப்புறம் கோல், கால்.

ரெண்டாவது மாடியில சத்தம் நின்னுச்சு. கதவு திறக்கிற சத்தம். கீழ் வீட்டு ரூத். போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ஓய்வு வாங்கினவ, நல்ல மனசுக்காரி. இத்தனை மாசம் கழிச்சு இவரைப் பாத்த சந்தோஷத்துல கேட்டா பாருங்க, இந்த ஊர் பாஷையில, பளிச்சுன்னு.

"எங்கே போறீங்க?"

பலகையில கேக்கிறது வேற, கிளம்பின வழியில கேக்கிறது வேற. மேல ஒரு மாடி பாக்கி இருக்கு. பக்கம்தான்னு சொல்லுங்க, அடுத்த படி வரைக்கும்னு சொல்லுங்கன்னு மனசுக்குள்ள கும்பிட்டேன்.

"யெம்"ன்னார்.

இந்த ஊர் பாஷையில அதுக்கு வூடுன்னு அர்த்தம். கை விழுந்த நாள்லேர்ந்து அவர் வாயிலேர்ந்து வந்த முதல் நார்வே வார்த்தை. அதைவிட, எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து, போய்ச் சேர்றதுக்கு முன்னாடி போற இடத்தை அவர் வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. கீழ இங்கெர் கை தட்டுறா. இளங்கோ என்னமோ சொல்லிச் சிரிக்கிறான். எனக்கு மட்டும்தான் அது உறைச்சுது. சொல்லிட்டார். ஒரு மாடி பாக்கி வெச்சுக்கினு சொல்லிட்டார்.

அடுத்தது நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல. நம்பிக்கை கெடையாதுன்னு மேல எழுதினவ நான்தான். சமையல்கட்டுல சொம்பை எடுத்துத் தண்ணி பிடிச்சுக்கினு, பாதித் தண்ணி தளும்பக் கீழே ஓடினேன். "யாரும் தொடக் கூடாது"ன்னு இங்கெர் சொல்ல வந்தா. "தொடல. உக்காருங்க நீங்க"ன்னு அவரைப் படியில உக்கார வெச்சேன். சொம்பை நீட்டினேன். அவர் என்னைப் பாத்தார். அந்தப் பாதி முகம் சிரிச்சுது. ஒரு வாய் குடிச்சார். இடது கை விரலைத் தண்ணியில நனைச்சு, பக்கத்துல குனிஞ்சு நின்ன இளங்கோ உதட்டுல ஒரு சொட்டு வெச்சார்.

நாப்பது வயசை நெருங்குற பையன் படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். இங்கெருக்கு ஒண்ணும் புரியல. ரூத் கைக்குட்டை எடுத்துக்கினு வந்தா.

அப்புறம் இவர் கோலை ஊன்றி எழுந்தார். இளங்கோ மூக்கைத் துடைச்சுக்கினு, எங்கன்னு கேக்காம, "தூரமாப்பா?"ன்னான்.

"பக்கந்தான்"ன்னார்.

7

இதை வீட்டுல உக்காந்து எழுதறேன். உள்ளே அவர் இருமுற சத்தம் கேக்குது. அந்தப் பலகையை இங்கெர் அழிச்சுட்டா. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சு எழுத உக்காந்தேன்.

இன்னைக்குக் காலையில திரும்பிப் பாத்தா, அவர் ஒரு கையால பூட்ஸை மாட்டிக்கினு இருக்கார். வெளிய படியெல்லாம் பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடக்கு. ஜன்னல் மேடையில, எப்போ எடுத்து வெச்சார்னு தெரியல, பாஸ்போர்ட்டு. நாங்க ஊருக்குப் போயி எவ்வளவோ வருஷமாச்சு.

எங்கன்னு கேக்க வாய் வந்துச்சு. முழுங்கிக்கினேன்.

"தூரமா?"ன்னேன்.

"தபால் பெட்டி... வரைக்கும்"ன்னார்.

நானும் பூட்ஸை மாட்டிக்கினேன்.